வரிக்கு வணிகம், கூலிக்குக் குருகுலம்: தனியார் பயிற்சி மையப் பயிற்றுநர்களின் பணிநிலை

பயிற்சி மையங்களைப் பற்றிய விவாதம் தமிழ்நாட்டில் புதிதன்று. 2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா உயிரிழந்த நாள் முதல், நீட் தேர்வும் அதைச் சுற்றி வளர்ந்த பயிற்சி வணிகமும் யாரை உள்ளே விடுகின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன என்பதைத் தொடர்ந்து பேசி வருகிறோம். அவ்விவாதம் மாணவரை மையமாகக் கொண்டது, தேவையானதும்கூட. ஆனால் அதே மையத்தின் பலகைக்கு முன்னால் நின்று நாள்தோறும் பாடம் நடத்தும் பயிற்றுநருக்கு என்ன ஊதியம், பணி நியமன ஆணை உண்டா, நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவர் எங்கே முறையிடுவார் என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இக்கேள்விகள் தலித் இயக்கங்களோடு நேரடித் தொடர்புடையவை. அரசமைப்புச் சட்டத்தின் 16(4)ஆம் உறுப்பு வழங்கும் இடஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கானது. தனியார் துறையை அது தொடுவதில்லை. பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி, நியமனத்துக்காகக் காத்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பிழைக்க வழி வேண்டும். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தானும் படித்துக்கொண்டே, அதே தேர்வுக்குப் பிறருக்கு வகுப்பெடுக்கும் இளைஞர்களை மாவட்டத் தலைநகரங்கள் எங்கும் காண்கிறோம். சட்ட ஆலோசனை கேட்டு எங்களிடம் வரும் பயிற்றுநர்களில் பலர் இவ்வகையினரே. அவர்களுக்கு நாங்கள் விளக்கிச் சொல்வதைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கில் வராத மணிநேரங்கள்

அவர்கள் சொல்லும் பணிநிலை ஊருக்கு ஊர் பெரிதும் வேறுபடுவதில்லை. எழுத்து வடிவில் நியமன ஆணை கிடையாது. ஊதியம் வகுப்பு மணிக்கு இவ்வளவு என்று வாய்மொழியாகப் பேசப்படுகிறது. பாடக்குறிப்பு எழுதுதல், வினாத்தாள் தயாரித்தல், விடைத்தாள் திருத்துதல், வகுப்பு முடிந்தபின் சந்தேகம் தீர்த்தல், பெற்றோருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லுதல், ஏப்ரல் - மே மாதங்களில் பள்ளி வாசல்களில் துண்டறிக்கை கொடுத்துச் சேர்க்கை பிடித்தல் ஆகியவை வேலையாகவே எண்ணப்படுவதில்லை. காலையில் ஒரு வகுப்பும் மாலையில் இரண்டும் இருந்தால், இடைப்பட்ட பகல் முழுவதும் மையத்திலேயே இருக்க வேண்டும், அதற்கும் கூலியில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 250 ரூபாய், நாளொன்றுக்கு 4 வகுப்பு மணி, மாதம் 25 நாள் என்றால் 25,000 ரூபாய் வருகிறது. தயாரிப்பு, திருத்தம், காத்திருப்பு ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு இன்னும் 4 மணிநேரம் போகிறது எனில், உண்மையான கூலி மணிக்கு 125 ரூபாய்தான். தேர்வு முடிந்த இரு மாதங்களுக்கு வகுப்பில்லை, ஊதியமுமில்லை என்றால் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய். பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 21,000 ரூபாயைக்கூட எட்டாது. பேசிய தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையிலான இந்த வேறுபாடே இவ்வணிகத்தின் இலாபங்களில் ஒன்று.

இவற்றோடு வேறு சில நிபந்தனைகளும் சேர்கின்றன. மூலச் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆண்டின் நடுவில் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கப்படுகிறது. ஒரு மாணவர் வேறு மையத்துக்குப் போய்விட்டால் பாடம் நடத்தியவரின் ஊதியத்தில் பிடித்தம் செய்யப்படுகிறது. ஒளிப்பதிவு செய்த வகுப்புகள், பயிற்றுநர் வெளியேறிய பின்னும் விற்கப்படுகின்றன.

சட்டம் ஆசிரியரை வெளியேற்றிய கதை

இத்தனைக்கும் பின் ஒரு தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாமே என்று தோன்றும். அங்கேதான் முதல் தடை. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், கல்வி நிறுவனமும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரக்கூடும் என்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு கூறியது. ஆயினும் 1988இல் கோவா ஆசிரியை சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில், நிறுவனம் தொழிலாக இருந்தாலும் ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பித்தல் உடலுழைப்போ எழுத்தர் பணியோ தொழில்நுட்பப் பணியோ அன்று, அது ஓர் உன்னதப் பணி என்பது காரணம். ஆகவே பள்ளியின் காவலர் பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிற்தகராறு எழுப்பலாம். அதே பள்ளியின் ஆசிரியர் எழுப்ப முடியாது.

1996இல் அரியானா மாநிலத்தின் அங்கீகாரம் பெறாத பள்ளிகள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது என்று கூறப்பட்டது. 2004இல் அகமதாபாத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வழக்கில் பணிக்கொடையும் மறுக்கப்பட்டது. இந்த மூன்றாவது கதவு மட்டும் பின்னர் திறந்தது. 2009இல் நாடாளுமன்றம் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, எவ்வகை வேலை செய்பவரும் ஊழியரே என்று வரையறையை மாற்றியது. 1997 ஏப்ரல் 3 முதல் பின்னோக்கி அது பொருந்தும் என்றும் அறிவித்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2022இல் உச்சநீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்றது. சட்டத்தின் சொல்லை மாற்றினால் உரிமை கிடைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

‘உன்னதம்’ என்ற சொல் யாருக்குப் பயன்பட்டது என்பதை நாம் கேட்க வேண்டும். ஆசிரியர் தினத்தில் சால்வை பெறுவதற்குப் பயன்பட்ட அச்சொல், மாதக் கடைசியில் ஊதியம் கேட்கும்போது வாயை அடைக்கவும் பயன்பட்டது. 2025 ஆகஸ்டில், குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் 30,000 ரூபாய் ஊதியத்தில் வைக்கப்பட்டிருந்த வழக்கை விசாரித்த உச்சநீதிமன்றமே, விழாக்களில் குருவைத் துதிக்கும் சுலோகத்தைச் சொன்னால் மட்டும் போதாது, ஆசிரியரை நாடு நடத்தும் முறையில் அது வெளிப்பட வேண்டும் என்ற பொருள்படக் கூற நேர்ந்தது.

வரி என்று வந்தால்

பயிற்சி மையத்துக்கும் பள்ளிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பள்ளிக் கல்விக்கு சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு இருக்கிறது; தனியார் பயிற்சிக்கு இல்லை. பயிற்சிக் கட்டணத்தின்மீது 18 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. அதாவது, பயிற்சி மையம் நடத்துவது வணிகச் சேவை என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கருவூலத்துக்கு வணிகமாக இருப்பது, பயிற்றுநரின் கூலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் குருகுலமாகிவிடுவதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 50 மாணவர்களுக்கு மேல் பயிலும் மையங்களுக்கானவை அவை. பட்டப்படிப்புக்குக் குறைந்த தகுதியுடையோரைப் பயிற்றுநராக அமர்த்தக்கூடாது, 16 வயதுக்குக் கீழானோரைச் சேர்க்கக்கூடாது, நாளொன்றுக்கு 5 மணிநேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது என்கின்றன. மாணவருக்கு மட்டுமன்றிப் பயிற்றுநருக்கும் வார விடுமுறை வேண்டும் என்ற வரியும் அவற்றில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பயிற்றுநருக்குத் தகுதியை நிர்ணயித்த அந்நெறிகள், அத்தகுதிக்கு உரிய ஊதியத்தை நிர்ணயிக்கவில்லை. மேலும் இவை வழிகாட்டு நெறிகள்தாம். மாநிலங்கள் சட்டமாக்கினாலன்றி நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையாக மாறா.

‘விசிட்டிங் ஃபேகல்டி’ என்ற முகமூடி

பல மையங்கள் தம் பயிற்றுநர்களை ஊழியர் என்றே அழைப்பதில்லை. ‘விசிட்டிங் ஃபேகல்டி’, ‘கன்சல்டன்ட்’ எனப் பெயரிட்டு, ஊதியத்தைத் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டி 10 விழுக்காடு வருமான வரி பிடித்தம் செய்கின்றன. தனித்தொழில் செய்பவருக்கு வைப்பு நிதியோ பேறுகால விடுப்போ தர வேண்டியதில்லை என்பதே இதன் நோக்கம்.

பெயரை வைத்து நீதிமன்றம் முடிவெடுப்பதில்லை. 1973இல் சில்வர் ஜூபிலி தையலக வழக்கு என அறியப்படும் தீர்ப்பு இங்கே முக்கியமானது. செகந்திராபாத்தில் ஒரு தையல் கடை. தையற்காரர்கள் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார்கள். விரும்பிய நேரத்துக்கு வந்து போனார்கள். ஆகவே அவர்கள் ஊழியர்கள் அல்லர் என்றது கடை. ஆனால் தையல் எந்திரம் கடைக்காரருடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் அவருடையது என்பதைச் சுட்டிக்காட்டி, அவர்கள் ஊழியர்களே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தையல் எந்திரத்தின் இடத்தில் வகுப்பறையையும் பலகையையும், துண்டுக் கூலியின் இடத்தில் மணிக் கூலியையும் வைத்துப் பார்த்தால் போதும். பாடத்திட்டத்தையும் நேர அட்டவணையையும் நிறுவனம் முடிவு செய்கிறது, வருகையைப் பதிவு செய்கிறது, வேறு மையத்துக்குப் போகக்கூடாது என்கிறது எனில், அவர் எந்த வகையில் தனித்தொழில் செய்பவராவார்?

சாதி எங்கே நுழைகிறது

எழுத்து வடிவ விதிகள் இல்லாத இடத்தில் சாதி விதியாகிறது. நியமன ஆணையும் ஊதியப் பட்டியலும் இல்லாத நிறுவனத்தில், யாருக்கு மணிக்கு 400, யாருக்கு 200 என்பதை உரிமையாளரின் விருப்பமே முடிவு செய்கிறது. சொந்த ஊரையும் தெருவையும் விசாரித்தபின் நடத்தை மாறியதாகப் பயிற்றுநர்கள் எங்களிடம் சொல்கிறார்கள். மேல்நிலை வகுப்புகள் ஒருவருக்கும், விளம்பரப் பலகையில் பெயர் வராத கீழ்வகுப்புகள் இன்னொருவருக்கும் போகின்றன. வகுப்பறையைக் கூட்டும் ஆள் வராத நாளில் யாரிடம் துடைப்பம் நீட்டப்படுகிறது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

கற்பிக்கும் இடத்தில் கற்பிப்பவரே தீண்டாமைக்கு உள்ளாவது நம் வரலாற்றில் புதிதன்று. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், உடன் பணியாற்றியோர் குடிக்கும் தண்ணீர்ப் பானையைத் தொடுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. பேராசிரியர் என்ற பதவி அவரைப் பாதுகாக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தலித் இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளியமும் நம் இரு எதிரிகள் என்று அவர் பேசினார். பயிற்சி மையத்தின் ஆசிரியர் அறை இரண்டும் சந்திக்கும் இடமாக இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்கே பயன்படுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பயன்படும், ஆனால் கவனம் வேண்டும். சாதியைச் சொல்லி அவமதித்தல் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவற்றின்கீழ் குற்றமாவதற்கு அது பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். மாணவர்கள் முன்னிலையில் வகுப்பறையில் நிகழ்ந்தால் அந்நிபந்தனை நிறைவேறுகிறது. மூடிய அறையில் வேறு எவருமின்றி நிகழ்ந்தது போதாது என்பதை, 2025 ஜனவரியில் திருச்சி மாவட்டம் லால்குடியிலிருந்து சென்ற வழக்கில் உச்சநீதிமன்றம் மீண்டும் கூறியது. ஆகவே யார் உடனிருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்.

அதே சட்டத்தின் பிரிவு 3(1)(எச்), பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வெட்டி வேலை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. அரசமைப்பின் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. தனியார்மீதும் அது செல்லும். ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்சநீதிமன்றம் விளக்கியது. ஆனால் ஆசிரியருக்குக் குறைந்தபட்ச ஊதியமே இல்லை என்று 1996இல் சொல்லப்பட்டுவிட்டதால், அவர் அளவுகோல் இல்லாதவரானார்.

புதிய தொகுப்புகளில் உள்ளதும் இல்லாததும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. வேலைநிறுத்த உரிமையைச் சுருக்குவது, 300 பேருக்குக் குறைவான நிறுவனங்களில் ஆட்குறைப்பை எளிதாக்குவது ஆகியவற்றுக்காகத் தொழிற்சங்கங்கள் அவற்றை எதிர்க்கின்றன, அவ்வெதிர்ப்பு நியாயமானது. எனினும் பயிற்றுநரின் கையில் இன்று இருக்கும் சட்டம் அதுதான் என்பதால், சொல்லுக்குச் சொல் படித்தறிய வேண்டும்.

தொழிலுறவுத் தொகுப்பு, ‘தொழிலாளர்’ என்ற வரையறையில் பத்திரிகையாளர்களையும் விற்பனைப் பிரதிநிதிகளையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆசிரியரையோ பயிற்றுநரையோ சேர்க்கவில்லை. ஊதியத் தொகுப்பு, ‘ஊழியர்’ என்பதற்குத் திறன் சார்ந்த வேலை, மேற்பார்வை, மேலாண்மை, நிர்வாகம், தொழில்நுட்பம் என நீண்ட பட்டியல் தருகிறது. அங்கும் கற்பித்தல் இல்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் மட்டும் அதே பட்டியலின் முடிவில் ‘வேறு எந்த வேலையும்’ என்ற சொற்கள் இருக்கின்றன. மூன்றே சொற்கள். வைப்பு நிதி, பணிக்கொடை, பேறுகால உதவி ஆகியவற்றைப் பயிற்றுநர் தயக்கமின்றிக் கேட்க அவை இடம் தருகின்றன. அவை இல்லாததால், குறைந்தபட்ச ஊதியத்துக்கு இன்னும் வழக்காட வேண்டியிருக்கிறது. மணிக் கூலிக்குப் பாடம் நடத்துவது திறன் சார்ந்த வேலையே என்பதும், பட்டியல் விரிந்துவிட்டதால் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதும் நம் வாதமாக இருக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

முதலாவது, சான்று. நியமன ஆணை இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் வந்த நேர அட்டவணை, வருகைப் பதிவின் படம், வங்கிக் கணக்கில் வந்த தொகை, பெயர் அச்சிட்ட துண்டறிக்கை ஆகியவையே ஆவணம். ரொக்கமாக ஊதியம் தந்தால், பெற்றுக்கொண்டதை அன்றே ஒரு குறுஞ்செய்தியாக நிறுவனத்துக்கு அனுப்பி வைக்கலாம். ஊதியத் தொகுப்பின்கீழ் மாத ஊதியத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும்; விலகினாலோ விலக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். நிலுவையைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

இரண்டாவது, சான்றிதழ். மூலச் சான்றிதழை வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தச் சட்டமும் மைய உரிமையாளருக்குத் தரவில்லை. கட்டணம் வரவில்லை என்பதற்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கே உரிமையில்லை, அது விற்கக்கூடிய சரக்கன்று என 2000இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. எழுத்து மூலம் கேட்டும் தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். வேலையை விட்டபின் வேறு மையத்தில் பாடம் நடத்தக்கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது.

மூன்றாவது, சமூகப் பாதுகாப்பு. 20 பேர் பணிபுரிந்தால் வைப்பு நிதி உண்டு. முறையாகக் கல்வியோ பயிற்சியோ அளிக்கும் நிறுவனங்களுக்கு 1982 முதலே இது பொருந்தும். 10 பேர் பணிபுரிந்தால் பணிக்கொடையும் 26 வாரப் பேறுகால விடுப்பும் உண்டு. பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பதும் 10 பேர் உள்ள நிறுவனத்தின் கடமை; அதற்கும் குறைவெனில் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் புகார் தரலாம். நின்றே பாடம் நடத்தும் பயிற்றுநர்கள், 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இருக்கை உரிமையையும் நினைவில் வைக்க வேண்டும். மையம் கம்பெனியாகப் பதிவு பெற்றிருந்தால், ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைக் காரணமின்றி நீக்கியதற்கு எதிராக அச்சட்டத்தின் 41ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய இடமுண்டு.

நான்காவது, சங்கம். தனி ஒருவர் கேட்டால் அடுத்த மாதம் அவருக்கு வகுப்பு ஒதுக்கப்படாது. சங்கம் பதிவு செய்ய ஏழு பேருக்குக் குறையாமல், தொடர்புடைய நிறுவனத்திலோ தொழிலிலோ 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ, அவ்வளவு பேர் வேண்டும். ஒரு நகரின் பயிற்சி மையங்கள் அனைத்திலும் சேர்த்து நூறு பேரைத் திரட்டுவது இயலாத செயலன்று.

சேவையும் உழைப்பும்

இரு ஐயங்களுக்கு விடை சொல்ல வேண்டும். சிறு டியூஷன் சென்டர் நடத்துபவரும் வேலையற்ற பட்டதாரிதானே, அவர்மீதும் இச்சுமையை ஏற்றலாமா என்பது ஒன்று. வீட்டு மாடியில் இருவரோடு சேர்ந்து டியூஷன் நடத்துபவரை மேற்சொன்ன 10, 20 என்ற வரம்புகள் தொடுவதில்லை. அவரும் பேசிய கூலியை உரிய நாளில் தர வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை.

மற்றது நமக்குள்ளிருந்தே வருவது. சேரிகளில் அம்பேத்கர் பெயரால் நடக்கும் இரவுப் பாடசாலைகளில் நம் இளைஞர்கள் ஊதியமின்றிப் பாடம் சொல்லித் தருகிறார்கள். கற்பித்தலைக் கூலியோடு இணைத்துப் பேசுவது அந்த மரபைக் குறைப்பதாகாதா? ஆகாது. அங்கே கட்டணமும் இல்லை, இலாபமும் இல்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே செய்துகொள்ளும் கடமை அது. மாணவரிடம் பல்லாயிரம் ரூபாய் வாங்கும் நிறுவனம் அதே ‘சேவை’ என்ற சொல்லைக் கடன் வாங்கித் தன் பயிற்றுநரிடம் நீட்டுவது வேறு. அரசும் இதில் முன்மாதிரியாக நடந்துகொள்ளவில்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், நாள்தோறும் மாலையில் வகுப்பெடுத்தவர்களைத் தன்னார்வலர் என்றழைத்து மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது.

தமிழ்நாடு அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்த இயற்றும் எந்தச் சட்டத்திலும் பயிற்றுநரின் ஊதியம், வேலைநேரம், பணிப் பாதுகாப்பு குறித்துத் தனி அத்தியாயம் வேண்டும். எழுத்து வடிவ நியமன ஆணையும் ஊதியப் பட்டியலும் இல்லாத மையத்துக்குப் பதிவு வழங்கக்கூடாது. தயாரிப்பு, திருத்தம், காத்திருப்பு ஆகியவற்றையும் வேலைநேரமாகக் கணக்கிட்டுப் பயிற்றுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் இக்கோரிக்கைகளைத் தம்முடையவையாக எடுத்துக்கொள்வது நல்லது. பட்டம் பெற்ற மறுமாதம், மூலச் சான்றிதழோடு அம்மையங்களின் வாசலில் நிற்கப்போகிறவர்களில் பலர் அவர்களே.